துளை சிறிது, கைப்பழக்கம் எவ்வளவு?

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு மலையேறிச் சென்றிருக்கிறீர்களா? அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அந்தத் தொலைநோக்கி தானே விண்மீன்களை ஆராய்ந்து கட்டுரை எழுதுவதாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால், ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் அண்மையில் என் கையில் திணிக்கப்பட்ட துண்டு விளம்பரமோ, ஏறக்குறைய அப்படித்தான் பேசியது. குடலிறக்கத்தைக் கத்தியின்றி, வலியின்றி, நவீனக் கருவியே சரிசெய்துவிடும் என்றது அது.

என் தாய்மாமன் புளி மூட்டை தூக்குபவர். அடிவயிற்றின் ஓரத்தில் இரண்டு ஆண்டுகளாக ஒரு புடைப்பு. நின்றால் வரும், படுத்தால் உள்ளே போகும். "மாப்ளே, நீ சயின்ஸ் வாத்தியாராச்சே, இது நெசமா?" என்று அந்தத் தாளை நீட்டினார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வயிற்றுச் சுவரில் நலிந்த இடத்தின் வழியே குடல் பிதுங்குவதே குடலிறக்கம். ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் தொடையிடுக்கில் இது தோன்றுகிறது. 1880களில் இத்தாலியரான பசினி, நலிந்த தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தார். இழுத்துத் தைத்த தையலில் விசை நிற்கும், நாளடைவில் பிரியும். இழுக்காமல், பாலிபுரோப்பிலீன் வலையை ஒட்டுப்போல வைத்துத் தைக்கும் முறையை அமெரிக்கரான லிக்டன்ஸ்டீன் 1980களில் பரப்பினார். இடத்தை மட்டும் மரக்கச் செய்துகூட இதைச் செய்துவிடலாம்.

நுண்துளை முறையில் மூன்று சிறு துளைகள் இடுகிறார்கள். கரியமில வாயுவைச் செலுத்தி உள்ளே இடம் உண்டாக்குகிறார்கள். அது தீப்பற்றாது, இரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். ஒளியைக் கொண்டுவரும் குழலில் ஆங்கிலேயரான ஹாப்கின்ஸின் மதிநுட்பம் இருக்கிறது. பழைய குழல்களில் நீண்ட காற்று இடைவெளியும் இடையிடையே சிறு வில்லைகளும் இருந்தன. அவர் அதைத் தலைகீழாக்கி, நீண்ட கண்ணாடித் தண்டுகளை வைத்து இடையில் சிறிதளவே காற்றை விட்டார். பிம்பம் பன்மடங்கு பிரகாசமாயிற்று. வலையை உட்புறத்தில் வைப்பதும் நல்ல இயற்பியலே. தொட்டியின் ஓட்டையை உள்ளிருந்து அடைத்தால் நீரின் அழுத்தமே அடைப்பை இறுக்கும் அல்லவா?

இவ்வளவும் கருவியின் பெருமை. நம்மைப் போன்ற அறிவியல் எழுத்தாளர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். துண்டு விளம்பரத்தைக் குறை சொல்லுமுன் நம்மையும் கொஞ்சம் குறை சொல்லிக்கொள்ள வேண்டும்.

கருவியைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். நீண்ட இடுக்கி, துளையைச் சுழல்மையமாகக் கொண்ட நெம்புகோல். கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். பலருக்கு ஆழம் தெரியாத தட்டையான திரைப்படமே வழிகாட்டி. விரலின் தொடுவுணர்வும் வெகுவாகக் குறைந்துவிடும். அருகிலேயே பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ளன. இதற்கு மூளை பழக நாளாகும்.

எவ்வளவு நாள்? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. இரண்டு ஆண்டுகளில் குடலிறக்கம் திரும்ப வந்தவர்கள், திறந்து செய்த முறையில் 4.9 சதவீதம், நுண்துளை முறையில் 10.1 சதவீதம். நுண்துளை முறையில் வலி சற்றுக் குறைவு. அன்றாட வேலைக்கு ஒரு நாள் முன்னதாகத் திரும்பினார்கள். இதைக் கொண்டு "புதிய முறை தோற்றது" என்று சிலர் எழுதினார்கள். அது அவசரத் தீர்ப்பு. 250க்கு மேல் செய்து பழகிய மருத்துவர்களிடம் அந்தப் பத்து, ஏறத்தாழ ஐந்தாக இறங்கியது. எனவே அந்த ஆய்வு அளந்தது முறையை மட்டுமன்று, பழக்கத்தையும்தான். 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலும் நுண்துளை முறையைப் பரிந்துரைக்கும்போது, தேர்ந்த கையும் வசதியும் இருந்தால் என்ற நிபந்தனையைச் சேர்த்தே சொல்கிறது.

இந்த நிபந்தனைதான் துண்டு விளம்பரத்தில் இல்லை. கத்தியின்றி என்பது பிழை, துளையிடுவதும் கத்தியே. முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படும் என்பதையும் அது சொல்லவில்லை.

சிற்றூர் நோயாளிக்கு நல்ல சிகிச்சை கிடைக்க விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதும் இல்லை. மகாராஷ்டிரத்தின் தொண்டைச்சா என்னும் ஊரில் மருத்துவர் தொங்காவ்ங்கர், கொசுவலைத் துணியைத் தூய்மைசெய்து குடலிறக்க வலையாகப் பயன்படுத்திக் காட்டினார். உகாண்டாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கொசுவலை விலையுயர்ந்த வலைக்குச் சமமாகவே நின்றது.

மாமாவுக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொடுத்தேன்: "ஐயா, இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" அவர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டார், டாக்டரைக் கேள்வி கேட்பதா என்று. நானும் உடன் போனேன். அந்த மருத்துவர் கோபிக்கவில்லை. திறந்து செய்வதில் பல நூறு, துளைவழி செய்ததில் இருபதுக்குள் என்று எண்ணிச் சொன்னார். கூடவே, பழகியவர் ஒருவர் வேலூரில் இருப்பதாகவும், விரும்பினால் கடிதம் தருவதாகவும் சொன்னார். மாமா சற்று யோசித்துவிட்டு, "நூறு நூறா செஞ்சதையே செஞ்சிடுங்க சாமி" என்றார்.