பெண்டிழந்தான் சுழி

மாட்டுச் சந்தையில் புழங்கும் கெட்ட சுழிகளில் ஒன்றின் பெயர் பெண்டிழந்தான் சுழி. அந்தச் சுழியுள்ள மாட்டை வாங்கினால் வாங்கியவரின் மனைவி இறந்துவிடுவாள் என்பது நம்பிக்கை. கூடவே விலங்குச் சுழி: வாங்கியவர் சிறைக்குப் போவார். பாடைச் சுழி: வீட்டில் சாவு விழும்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ரோமம் எந்தப் பக்கம் சாய்ந்து வளரும் என்பது கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆனால் என்னை உறுத்துவது அந்தப் பெயர். 'பெண்டிழந்தான்' என்பதில் சாவது பெண். கேடு நேர்வதோ ஆணுக்கு. விலங்கில் அவன் விடுதலையை இழப்பதுபோல இங்கே பெண்டை இழக்கிறான். மாட்டுக்குச் சொந்தக்காரர் ஆண்தான் என்பதை 'ஆன்' விகுதியே சொல்லிவிடுகிறது. கைம்பெண் ஒருத்தி தன் காசில் இந்த மாட்டைப் பிடித்துவந்தால் சுழி யாரைத் தாக்கும்? சாஸ்திரம் அவளை நினைத்தே பார்க்கவில்லை.

பெண் பார்க்கும் திண்ணையிலும் இதே கணக்குதான். மூல நட்சத்திரக்காரி மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். அங்கே சுழி அவள்மேலேயே இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. சுழி கெட்ட மாட்டுக்கு விலை குறையும். நட்சத்திரம் கெட்ட பெண்ணுக்கோ, பெற்றவர்கள் பவுனைக் கூட்ட வேண்டியிருக்கும்.

சுழியை அறிவியலும் பார்த்திருக்கிறது. அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் 1995இல் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே உள்ள மாடுகள் கட்டுக்குள் நிறுத்தும்போது அதிகம் மிரள்வதாகக் கண்டார். அது மாட்டின் சுபாவத்தைப் பற்றிய பேச்சு. யார் வீட்டுப் பெண் சாவாள் என்ற பேச்சல்ல.

மாட்டின் சுபாவத்தை நம் ஊர்களில் பெரும்பாலும் அறிந்திருப்பவர்கள், சாணி அள்ளி, தண்ணி காட்டி, பால் கறக்கும் பெண்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் அவர்களை அதிகம் காண முடியாது. எந்த மாடு கன்றைக் காட்டாவிட்டால் பாலை அடக்கிக்கொள்ளும், எது ஆள் மாறினால் உதைக்கும், சினைப்பருவத்தில் வடியும் கோழை எப்படி இருக்கும், அசைபோடாமல் நிற்கும் மாட்டுக்கு என்ன கேடு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் இதை யாரும் சாஸ்திரம் என்பதில்லை. 'கைப்பழக்கம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நாட்டார் வழக்காறு சேகரிக்கப் போகும் மாணவிகள், தரகரிடம் சுழிப் பெயர்களை எழுதிய அதே நோட்டில், கறக்கிறவளிடம் கேட்டு இவற்றையும் எழுதிக்கொள்ளலாம். சாயங்காலக் கறவை முடிந்த பிறகு போவது நல்லது. அதற்கு முன் அவளுக்குப் பேச நேரமிருக்காது.