எட்டு பிளக்கிலும் ஒரே கோடு

நைட்ரஸ் கார் என்றதும் எல்லோரும் ஏன் பாட்டிலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. நீலப் பாட்டில், ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான், பானட்டுக்கு மேலே சீறும் வெள்ளைப் புகை. 2001இல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' வந்தது. பின்னாலேயே கம்ப்யூட்டர் ரேஸ் கேம்களும் வந்தன. அன்றிலிருந்து நம்மூர்ப் பையன்களுக்குக்கூட 'நாஸ்' என்றால் பொத்தானும் புகையும்தான். பாட்டிலை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். ஒரு டிராக் காரில் நைட்ரஸ் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டால், ஓட்ட நேரம் அச்சிட்ட டைம் ஸ்லிப்பைக்கூட இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, வரிசை மாறாமல் துணிமேல் வைக்கச் சொல்வேன்.

பிளக்குக்கு முன்னால் குழாய்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபாகர் சிஸ்டத்தின் அழகு முழுக்க அங்கேதான் இருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு நாசில், நாசிலுக்கு நைட்ரஸ் குழாய் ஒன்று, பெட்ரோல் குழாய் ஒன்று. ஒரே ஸ்டேஜுக்குப் பதினாறு குழாய். இரண்டாவது ஸ்டேஜ் வைத்தால் முப்பத்திரண்டு. எல்லாம் கையால் வளைத்தவை. தேர்ந்தவர் செய்த மேனிஃபோல்டில் எந்தக் குழாயும் இன்னொன்றை உரசாது, நசுங்கிய வளைவு ஒன்றுகூட இருக்காது. பிரியும் இடத்திலிருந்து நாசில் வரை நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அருகிலிருக்கும் சிலிண்டருக்குப் போகும் குழாயை வேண்டுமென்றே சுற்றிவிட்டு நீளத்தைச் சமன் செய்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் அலங்காரம். நீளம் மாறினால் ஒரு சிலிண்டருக்கு நைட்ரஸ் முந்திப் போய்ச் சேரும், பெட்ரோல் பிந்தும். அந்த இடைவெளி பிஸ்டனில் தெரியும்.

நைட்ரஸையும் பெட்ரோலையும் திறந்துவிடும் சொலினாய்டுக்கும் இதே கதைதான். பெட்ரோல் ரொம்ப முந்தினால் கார் கிளம்பும்போதே விக்கும். நைட்ரஸ் முந்தினால் விக்கலோடு போகாது. மேனிஃபோல்டுக்குள் வெடித்து ஹூட் ஸ்கூப் தனியாகப் பறப்பதைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஓட்டத்தை அளந்துவிடும் ஜெட் விஷயத்தில் பலர் கணக்குப் போடுவதே இல்லை. 22 எண் ஜெட் என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபத்திரண்டு பங்குத் துளை. 22லிருந்து 24க்குப் போவது இரண்டு எண் ஏறுவதுபோலத் தோன்றும். துளையின் பரப்பு ஏறுவதோ 19 சதவீதம். எட்டு சிலிண்டரிலும் அது ஏறினால் டைமிங் பழைய இடத்தில் நிற்க முடியாது. நைட்ரஸ் கூட்டும் ஒவ்வொரு 50 எச்.பி.க்கும் ஒன்றரை, இரண்டு டிகிரி பின்னுக்கு இழு என்பது பழைய பாடம். அதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டவர்களின் எஞ்சின் பிழைத்தது. அதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டவர்கள் பிஸ்டன் வாங்கினார்கள்.

பெட்ரோல் பிரஷரை எஞ்சின் சும்மா நிற்கும்போது பார்த்து வைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அதே அளவு ஜெட் வழியாக ஒரு கேனுக்குள் ஓடவிட்டு, ஓட்டத்தில் கேஜ் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டர் காரில் மொத்தமே ஆறு பிஎஸ்ஐதான். அதில் அரை குறைந்தால் எட்டு சதவீதம் போச்சு.

பாட்டில் சூட்டையும் சொல்லிவிடுகிறேன், அது நமக்கு நெருக்கமான விஷயம். பிரஷர் 900லிருந்து 950 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். குளிர்ந்த மாலையில் அதற்காக ஹீட்டர் போர்வை சுற்றுவார்கள். ஆனால் 36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது. எந்த ஜெட் கணக்கும் நிற்காது. வேலை நிமித்தம் நான் இருந்த அமெரிக்காவின் வட கரோலினாவில், ஜூலை வெயிலில் ஈரத் துணியும் ஐஸும் வைத்துப் பாட்டிலைக் காப்பாற்றுவதைப் பார்த்தபோது எனக்கு வேலூர்தான் நினைவுக்கு வந்தது. அங்கே மே மாதத்தில் ஹீட்டர் விற்கப் போனால் கடையை மூடிவிட்டு வர வேண்டியதுதான்.

இனி பிளக். ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்த தலைமுறைக்கு பிளக் பார்ப்பது புதிதில்லை. காபி நிறம் என்றால் நல்லது, வெள்ளை என்றால் பயம், கறுப்பு என்றால் எண்ணெய். நைட்ரஸ் பிளக் அவ்வளவு சுலபமாக வாய் திறக்காது. கால் மைல் கார் ஏழு விநாடியில் ஓடி முடித்துவிடும். நிறம் ஏறுவதற்கு அந்த நேரம் போதாது. ஆகவே பார்க்க வேண்டியது நிறத்தை இல்லை, கோட்டை. பிளக் நுனியில் வளைந்து நிற்கும் ஸ்ட்ராப்பில் சூடு ஏறிய பகுதிக்கும் ஏறாத பகுதிக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று விழும். அது வளைவில் நின்றால் டைமிங் பொருந்தியிருக்கிறது. மரைப்பக்கம் இறங்கினால் டைமிங் அதிகம். நுனிப்பக்கமே நின்றுவிட்டால் இன்னும் எடுக்க இடமிருக்கிறது. அடுத்தது பீங்கான். மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் சிலிண்டருக்குள் தட்டல் தொடங்கிவிட்டது. அந்தப் புள்ளிகளில் வெள்ளிப் பளபளப்பு இருந்தால் அது பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம். பீங்கானின் அடியில், ஷெல்லுக்குள்ளே, பெட்ரோல் விட்ட வளையம் இருக்கும். அதைப் பார்க்க லென்ஸும் சின்ன டார்ச்சும் வேண்டும். சிலர் பிளக்கையே லேத்தில் வெட்டிப் பிளந்து பார்ப்பார்கள். பிளக்குக்கு ஆகும் செலவை நினைத்து அவர்களைக் கேலி செய்தவர்களும் உண்டு.

வட கரோலினாவில் இருந்த அந்தக் காலத்தில் கிரீன்ஸ்பரோ பக்கத்திலுள்ள பீட்மாண்ட் டிராக்வேக்குப் போவேன். அரைக்கால் மைல் பாதை. அங்கே ஒரு மாலை, வயதான டியூனர் ஒருவரைப் பார்த்தேன். கார் கோட்டைத் தாண்டிய நொடியே ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். ஐடிலில் ஓட்டித் திரும்பியிருந்தால் பிளக்கில் கரி படிந்து எல்லாச் சாட்சியும் அழிந்திருக்கும். பையன் ஒருவன் லேப்டாப்பைத் திறந்து கிராஃபைக் காட்ட ஓடி வந்தான். பெரியவர் அவனுக்கு முகம்கூடக் கொடுக்கவில்லை. ஏழாவது பிளக்கை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஸ்ட்ராப்பைத் தொட்டு, அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் ஜெட்டை ஒரு எண் ஏற்றச் சொன்னார். மற்ற ஏழும் அப்படியே. அவ்வளவுதான் அன்றைய டியூனிங்.

லேப்டாப்பை வெறுப்பவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். ஆனால் எக்ஸாஸ்டிலிருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் சராசரியைத்தான் சொல்லும். மூன்றில் பெட்ரோல் மிஞ்சி ஒன்று காய்ந்து கிடந்தாலும் கிராஃப் அழகாகவே இருக்கும். சிலிண்டருக்கு ஒன்றாக வெப்ப சென்சார் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். சூடு ஏறியதற்குக் காரணம் பெட்ரோல் குறைவா, டைமிங் பின்னால் போனதா என்று அது சொல்லாது. இரண்டிலும் எக்ஸாஸ்ட் சூடாகும், ஆனால் வைத்தியம் நேர்மாறு. பிளக் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது.

புளோயர் (சூப்பர்சார்ஜர்) ரசிகர்களும் டர்போ ரசிகர்களும் நைட்ரஸைப் 'பாட்டிலில் வாங்கிய பலம்' என்பார்கள். புளோயரின் சத்தத்துக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் மறப்பது ஒன்று உண்டு. நைட்ரஸ்காரன் காற்றழுத்தத்தை வைத்துத் தப்ப முடியாது; எஞ்சினே முதலில் மூச்சு விடத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ப்ரோ நைட்ரஸ் பிரிவுக் கார்களில் 900 கன அங்குலத்தைத் தாண்டிய, பதினைந்து லிட்டரை நெருங்கும் எஞ்சின்கள் இருப்பது அதனால்தான். 1987இல் தென் கரோலினாவின் டார்லிங்டனில் பந்தய ஓட்டுநர் பில் குல்மன் கதவு வைத்த காரில் முதன்முதலாக மணிக்கு 200 மைலைத் தாண்டினார். அவருக்குக் கைகொடுத்தது நைட்ரஸ்தான். வட கரோலினாவின் கிங் ஊர்க்காரரான ரிக்கி ஸ்மித், அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் ப்ரோ மாட் பிரிவில் 2013, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். டர்போவுக்கும் புளோயருக்கும் எதிரே நின்று, நைட்ரஸ் வைத்து. அவர் ஸ்டார்ட் லைனில் நின்ற நிதானத்தைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் எடுத்திருக்கலாம்.

இப்போது நிலைமை வேறு. ப்ரோ மாடில் நைட்ரஸ் கார் நிற்பதே அபூர்வமாகிவிட்டது. ஆனால் பி.டி.ஆர்.ஏ. என்ற இன்னோர் அமைப்பு தனிப் பிரிவு வைத்திருப்பதால் அந்த வித்தை இன்னும் மூச்சு விடுகிறது. சின்னப் பாதைகளில் நடப்பதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் பெரிய ஜெட்டையே முதலில் போடுகிறார்கள். பர்ஜ் செய்வது குழாயில் நிற்கும் வாயுவை வெளியேற்றித் திரவத்தை முன்னுக்குக் கொண்டுவர. அதைக் கூட்டத்துக்குக் காட்டும் வேடிக்கையாக ஆக்கிவிட்டார்கள். பாட்டிலை எடை போட்டு நிரப்பத் தெரியாதவர்கள் கேஜைப் பார்த்து நிறைந்திருக்கிறது என்கிறார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை கேஜ் அதே எண்ணைத்தான் காட்டும். ஹீட்டர் இல்லாமல் பாட்டிலின் அடியில் புரொப்பேன் டார்ச் பிடித்தவனையும் பார்த்திருக்கிறேன். அவனிடமிருந்து நான் நகர்ந்த வேகத்துக்கு டைம் ஸ்லிப் கிடைத்திருந்தால் நல்ல எண் வந்திருக்கும்.

புரோகிரசிவ் கன்ட்ரோலர் வந்ததில் எனக்குக் குறை இல்லை. டயர் தாங்கும் அளவுக்குக் கொடுத்து, போகப் போக ஏற்றுவது நியாயமானதே. ஆனால் அதை வைத்துக்கொண்டு குழாய் நீளத்தைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சொலினாய்டு துடித்துத் துடித்துத் திறக்கும்போது பங்கீட்டின் கோளாறு கூடத்தான் செய்யும், குறையாது.

எப்போதாவது ஒரு டிராக் ரேஸ் பக்கம் போக நேர்ந்தால் கேலரியில் உட்காராதீர்கள். பிட்டுக்குப் போங்கள். பெரும்பாலான பாதைகளில் டிக்கெட் எடுத்தவரை உள்ளே விடுவார்கள். கார் திரும்பி வந்ததும் யார் முதலில் லேப்டாப்பைத் திறக்கிறார், யார் பிளக் ஸ்பானரை எடுக்கிறார் என்று கவனியுங்கள். பணம் கட்டுவதென்றால் இரண்டாமவர் மேல் கட்டுங்கள்.