தேடாமல் கிடைத்த கணு

2002 ஏப்ரலில் பிரான்சின் ருவான் நகரில் அலென் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியாகவே ஒருவருக்கு இதயத்தின் அயோர்ட்டிக் வால்வைப் பொருத்தினார். ‘டாவி’ எனப்படும் அந்தச் சிகிச்சைக்கு இன்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் நாள் குறிப்பதில்லை. வால்வு உட்காரும் வளையத்தின் அளவு, சுண்ணாம்புப் படிவு, தொடைத் தமனி கருவிக்கு இடங்கொடுக்குமா என்பதெல்லாம் அதில்தான் தெரியவேண்டும். அதனால் நெஞ்சிலிருந்து இடுப்புவரை படம் எடுக்கிறார்கள். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் கூடவே வந்து விழுகின்றன. வருபவர்களோ பெரும்பாலும் எழுபது, எண்பதைக் கடந்தவர்கள். அந்த வயது உடம்பில் கணு எனப்படும் சிறு கட்டியோ நீர்க்கட்டியோ இல்லாவிட்டால்தான் வியப்பு. கிணறு வெட்டப் பூதம் என்பார்கள். இங்கே பெரும்பாலும் கிளம்புவது தவளைதான்.

பூதமும் சில நேரம் கிளம்பும். வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருப்பது தெரியாமல் அதன் வழியே கருவியை ஏற்றுவது ஆபத்து. சிறுநீரகப் புற்று தொடக்கத்திலேயே பிடிபடலாம். பரவிய புற்றால் ஆயுள் ஓராண்டைத் தாண்டாது என்று தெரிந்தால், வால்வு மாற்றும் சிரமத்தையே நோயாளிக்குத் தராமல் விடலாம். இவ்வளவு அகலமாக ஏன் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

என் குறையெல்லாம் பார்த்தபின் நடப்பதைப் பற்றியது. ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி: ‘வலது நுரையீரல் மேல்மடலில் 7 மி.மீ. கணு, மேல்பரிசோதனை தேவை.’ எழுதியவரின் கடமை அத்தோடு முடிந்தது. இதய மருத்துவர் நுரையீரல் மருத்துவரிடம் அனுப்புகிறார். அவர் இன்னொரு ஸ்கேன் கேட்கிறார். வால்வுக்குக் குறித்த நாள் தள்ளிப்போகிறது. கணுவின் நாள்காட்டியையும் வால்வின் நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுரையீரல் கணுக்களுக்கான ஃபிளெய்ஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி, 6 முதல் 8 மி.மீ. வரையிலான ஒற்றைத் திடக் கணுவுக்கு 6 முதல் 12 மாதம் கழித்து மறு ஸ்கேன் போதும். வால்வு அவ்வளவு நாள் பொறுக்குமா? 2010இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில், திறந்த அறுவையைத் தாங்கமாட்டாத, வால்வு கடுமையாகச் சுருங்கிய நோயாளிகளில் டாவி பெறாதவர்களில் 50.7 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள், பெற்றவர்களில் 30.7 சதவீதம். கணுவின் தவணை வருமுன் ஆளே இல்லாமல் போகலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வால்வு நன்றாக அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் அந்த வரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வால்வின் அளவு இருக்கும், கணு இருக்காது.

ஸ்கேனுக்கு முன் நோயாளியிடம் சாய மருந்து ஒவ்வாமைக்குக் கையெழுத்து வாங்குகிறோம். ‘வேறு ஏதாவது தென்பட்டால் எவ்வளவு தூரம் துருவலாம்?’ என்று யார் கேட்கிறோம்? நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும் 84 வயதுக்காரருக்கு அதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

‘மேல்பரிசோதனை தேவை’ என்பதற்குக் கீழே, ‘வால்வு சிகிச்சையை இதற்காகத் தள்ளவேண்டியதில்லை, மறு ஸ்கேன் அதன்பின்’ என்று எழுத ரேடியாலஜிஸ்டுக்கு அரை நிமிடம் ஆகுமா?