காபா: இடிக்க ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்

நம்மில் பலருக்கு காபா என்றால் 2021 ஜனவரிதான். வாஷிங்டன் சுந்தரும் நடராஜனும் டெஸ்டில் அறிமுகமான ஆட்டம். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே தோற்ற முதல் டெஸ்டும் அதுதான். அந்த ஸ்டேடியம் 2032 பிரிஸ்பேன் ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு இடிக்கப்படப் போகிறது. இந்த முடிவுக்கு வந்த வழியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2021 ஏப்ரலில் குயின்ஸ்லாந்து முதல்வர் அனஸ்டாசியா பலஷே, காபாவை 100 கோடி டாலரில் (எல்லாம் ஆஸ்திரேலிய டாலர்தான்) புதுப்பிப்போம் என்றார். 2023 பிப்ரவரியில் அது 270 கோடி ஆகிவிட்டது. போதாததற்கு, பக்கத்தில் நூறாண்டு கடந்த அரசுப் பள்ளி ஒன்றும் இடம் மாற வேண்டும். எதிர்ப்பு வலுத்தது. அந்த வருடக் கடைசியில் பலஷே பதவி விலகினார். அடுத்து வந்த ஸ்டீவன் மைல்ஸ், முன்னாள் மேயர் கிரஹாம் குவர்க்கிடம் மறு ஆய்வைக் கொடுத்தார். காபா வேண்டாம், விக்டோரியா பார்க்கில் புதுசாகவே கட்டுங்கள், 340 கோடி வரை ஆகும் என்றது அறிக்கை. மைல்ஸ் அன்றைக்கே அதை நிராகரித்துவிட்டு, பழைய தடகள மைதானம் ஒன்றைச் சீரமைக்கிறோம் என்றார்.

எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கிரிசஃபுல்லியும் புது ஸ்டேடியம் கிடையாது என்று வாக்குக் கொடுத்துத்தான் 2024 அக்டோபரில் ஜெயித்தார். ஐந்தே மாதம். 2025 மார்ச்சில், விக்டோரியா பார்க்கில் 63,000 இருக்கைகளோடு 380 கோடியில் ஸ்டேடியம் என்று அறிவித்து, மன்னிப்பும் கேட்டார்.

தனியாகப் பார்த்தால் முடிவு மோசமில்லை என்றே நினைக்கிறேன். காபாவைப் புதுப்பித்தால் கிரிக்கெட்டும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலும் வருடக்கணக்கில் வேறு இடம் தேட வேண்டும். தடகள மைதானத்தைச் சீரமைத்தாலோ, ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் அத்தனை பெரிய இடத்தை நிரப்ப ஆள் இருக்காது.

என் பிரச்சினை வேறு. ஒலிம்பிக்ஸ் தடகளம் நடப்பது சில நாள். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அதைப் பயன்படுத்தப்போவது கிரிக்கெட்டும் ஃபுட்பாலும்தான். அப்படியானால் மக்களிடம் நேரடியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: 'இந்த இரண்டு விளையாட்டுக்கும் பொதுப்பணத்தில் புது ஸ்டேடியம் வேண்டுமா?' அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. ஒலிம்பிக்ஸ் என்ற கெடு வந்ததும் 'எங்கே, எவ்வளவு' என்று மட்டும்தான் சண்டை போட்டார்கள். 'வேண்டுமா' என்பது காணாமலே போயிற்று.

2024 தேர்தலில் ஆளும் கட்சியும் வேண்டாம் என்றது, பிரதான எதிர்க்கட்சியும் வேண்டாம் என்றது. இப்போது கட்டப்போவது அந்த வேண்டாததைத்தான். அப்போ ஓட்டுக்கு என்ன அர்த்தம்?

இதோடு நிற்கவில்லை. ஒலிம்பிக் கட்டுமானங்களுக்குத் திட்டமிடல், பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டங்களிலிருந்து விலக்கு அளித்து 2025இல் சட்டமே போட்டாயிற்று. விக்டோரியா பார்க் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பூங்கா. பூர்வகுடி மக்களுக்கு அது பாரம்பின். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அவர்கள் கூடித் தங்கிய இடம். அவர்கள் ஆட்சேபிக்க வேண்டுமானால் நேரம் தேவை. 2032 அந்த நேரத்தைத் தராது.

கெடு என்பது வெறும் தேதி இல்லைங்க. யாருடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அது. அடுத்த முறை ஏதாவது ஊர் ஒரு பெரிய போட்டியை வாங்கிவிட்டோம் என்று பட்டாசு வெடித்தால், ஸ்டேடியத்தின் விலையை அப்புறம் பார்க்கலாம். எந்தக் கேள்வியை நிறுத்திவிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.