பசுவென நம்பிய இளவரசன்

ஸமர்கந்தைச் சேர்ந்த நிஜாமி அரூஸி, கி.பி. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரசீக உரைநடையில் இயற்றிய நூல் 'சஹார் மகாலா'. எழுத்தர், கவிஞர், சோதிடர், மருத்துவர் ஆகிய நால்வரைப் பற்றிய நான்கு கட்டுரைகள் கொண்டது. இறுதிக் கட்டுரையில் இப்னு ஸீனாவின் கதையொன்று வருகின்றது. அதனை வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் செல்வோர் பலர். அது சிரித்தற்குரியதுதானா என்பதே ஈண்டு நம் வினா.

புவைஹ் குலத்து இளவரசன் ஒருவன் 'மாலீகூலியா' நோயுற்றுத் தன்னைப் பசுவென்றே நம்புகின்றான். மாடுபோற் கத்துகின்றான், தன்னை அறுத்து ஹரீஸா சமைக்குமாறு மன்றாடுகின்றான், உணவையும் மருந்தையும் மறுத்து மெலிகின்றான். இப்னு ஸீனா கசாப்புக்காரராகக் கத்தியுடன் வருகின்றார். கைகால்களைக் கட்டச் செய்து விலாவைத் தடவிப் பார்க்கின்றார். மாடு மெலிந்திருக்கிறது, கொழுத்தபின் அறுக்கலாம் எனக் கட்டவிழ்த்து உணவிடச் சொல்கின்றார். இளவரசன் உண்கின்றான், உணவோடு மருந்தும் சேர்கின்றது, ஒரு மாதத்தில் தெளிவு பிறக்கின்றது.

தந்திரத்தை மட்டும் புகழ்வோர் கதையின் உயிர்நிலையைத் தவறவிடுகின்றனர். நீ மாடன்று, மனிதனே என்று வைத்தியர் வாதாடவில்லை என்பதே அவ்வுயிர்நிலை. நோயில் தோன்றும் பொய்ந்நம்பிக்கை வெறும் அறியாமையன்று. அறியாமை சான்று காட்டினால் அகலும். இதுவோ சான்றையும் தனக்குத் துணையாக வளைத்துக்கொள்ளும். சோற்றில் நஞ்சிருப்பதாக நம்புவோரின் முன் நாமே அதனை உண்டு காட்டினும், நம்மிடம் மாற்று மருந்து இருப்பதாகவே அவர் கருதுவார். வேறு சிலர்க்கு எண்ணங்களின் கோவையே அறுந்து, பேச்சு தொடர்பின்றித் தாவும். இவர்களை அதட்டித் திருத்த முயல்வது காய்ச்சலை அதட்டுவது போன்றதே.

கதையின் குறையும் சொல்லற்பாலது. நிஜாமி வைத்தியரின் கூர்மையை வியந்தாரேயன்றி, நோயாளியின் அச்சத்தையோ வீட்டாரின் துயரையோ காட்டினாரல்லர். வைத்தியரைப் போல் நாமும் நடிக்கலாம் என எண்ணுதலும் பிழை. வாதாடாமலும், ஆமென்று ஒப்பாமலும், அவர்தம் அச்சத்தை மட்டும் ஏற்று ஆறுதல் கூறி, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.

'மஜ்னூன்' என்னும் சொல் மறைத்தலைக் குறிக்கும் ஜீம்-நூன்-நூன் என்னும் வேரிற் பிறந்தது. கண்ணுக்கு மறைந்த ஜின்னும், கருவில் மறைந்த ஜனீனும் அவ்வேரினவே. ஆகவே மஜ்னூன் என்பவர் அறிவு மறைக்கப்பட்டவர். அறிவு அழிந்தவர் அல்லர். அச்சொல்லுறவைக் கொண்டு நோயாளர் யாவரையும் ஜின் பிடித்தவரென முடிவு கட்டுதல் தகாது. அம்முடிவால் மருந்து தள்ளிப்போகின்றது. சில இடங்களில் சங்கிலியும் வந்துவிடுகின்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகமொன்றில் மூண்ட தீயில், சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட வழியின்றி மாண்டோரை நாம் மறத்தலாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை அறவே தடுக்கின்றது.

அறிவு மறைந்த நிலையில் உள்ளோர்மீது தொழுகை, நோன்பு ஆகிய கடமைகளையும் நமது ஃபிக்ஹு சுமத்துவதில்லை. மார்க்கம் சுமத்தாத பழியை நாம் சுமத்துவது எங்ஙனம்? கதையிலும் கட்டு சிறிது நேரமே. அவிழ்த்து உணவிட்ட பின்னரன்றோ வைத்தியம் தொடங்கிற்று! அல்லாஹ் நமக்கு அவ்விளக்கத்தை அருள்வானாக.