ஆடுகளமும் அயலார் நோக்கும்

உவகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் விளையாட்டினையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். முல்லைக்கலியிலோ ஏறுதழுவல் உவகைப் பொருளாக மட்டும் அமையவில்லை. தொழுவில் நிகழ்வதோடு, பரண்மேல் நின்று காணும் மகளிர் எவனைப் புகழ்ந்தனர், எவனை இகழ்ந்தனர் என்பதும் கூறப்படுதலின், ஆயர் சமுதாயத்தின் மதிப்பீடுகளே அங்குப் புலனாகின்றன. ஆயின், காண்போர் அனைவரும் அக்குடியினரே. வேற்று நாட்டிலிருந்து வந்தான் ஒருவன் காணின் யாது காண்பான்?

இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்குச் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963-இல் வெளியிட்ட 'எல்லைக்கு அப்பால்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் பெரிதும் பயன்படும். ஆடுகளத்தின் எல்லைக்கோட்டையும் சமுதாயத்தின் எல்லைகளையும் அத்தலைப்பு ஒருங்கே சுட்டும். (எல்லையின் பொருட்பாட்டை, 1960-இல் ஆந்திரத்தினின்றும் சென்னை மாநிலத்தோடு இணைந்த பள்ளிப்பட்டு வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.)

டிரினிடாட் தீவில் பிறந்த ஜேம்ஸ் 1932-இல் இங்கிலாந்திற்கும் 1938-இல் அமெரிக்காவிற்கும் சென்றவர். அமெரிக்காவில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர். அங்கே பேஸ்பால் ஆட்டம் காணச் சென்றவர் திகைத்தார். நடுவரை நோக்கி ஆட்டக்காரரும் காண்போரும் கூச்சலிட்டனர், வசைமொழி பெய்தனர். நடுவர் சொல்லை மறுத்தல் ஆகாது என்று பள்ளியிற் கற்றவர்க்கு அது பொறுக்கலாற்றாக் காட்சி. பின்னர், 1951-இல் கல்லூரிக் கூடைப்பந்தாட்டக்காரர் சிலர் கையூட்டுப் பெற்றமை வெளிப்பட்டது. அவருடைய இளம் அமெரிக்க நண்பர்கள் அதனைப் பெருங்குற்றமாகக் கருதினாரல்லர். அப்போழ்துதான், தம் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று அவர் தம்மையே வினவினார். ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அவரை உருவாக்கியது, குடியேற்ற நாட்டுப் பள்ளி புகட்டிய ஆங்கில ஒழுக்கமே. அயலாட்டத்தைக் காணப் புகுந்தவர் தம்மைக் கண்டார். நூலின் உயிர்நிலை இதுவே என்பது எம் கருத்து.

எனினும், அவ்வளவுகோல் அமெரிக்கரை எடைபோடப் போதுமானதன்று. கூச்சல் மிகுந்த அப்பேஸ்பால் களத்தில், ஜேம்ஸ் அந்நாட்டில் வாழ்ந்த காலத்திலேயே, 1947-இல், கறுப்பரான ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இடம்பெற்றார். அடக்கமும் அமைதியும் போற்றிய கிரிக்கெட்டிலோ, மேற்கிந்தியத் தீவுகளின் அணியை ஒரு தொடர் முழுமைக்கும் நடத்தும் தலைமை, 1960-இல் பிராங்க் வொரெல் ஏற்கும்வரை, கறுப்பர் எவர்க்கும் வழங்கப்படவில்லை. வொரெலுக்காகத் தம் இதழில் வாதாடியவரும் ஜேம்ஸே! அவ்வாறு வாதாடிய பின்னும் பழைய ஒழுக்கத்தின்பால் அவர் கொண்ட பற்றுத் தளரவில்லை. இம்முரண் நூலிற் தீர்க்கப்படவில்லை. தீர்க்கப்படாமையே அதனை மெய்ம்மையுடைய நூலாக்குகின்றது.

டிரினிடாட்டின் கிரிக்கெட் கழகங்கள் பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. செல்வ வெள்ளையர்க்கு ஒன்று, மாநிறத்து நடுத்தர மக்கட்கு ஒன்று, கறுப்பரில் எளியோர்க்கு ஒன்று என நிறமும் வகுப்பும் பார்த்து அவை பிரிந்திருந்தன. இளமையில் ஜேம்ஸ், கறுப்பர் ஆடிய ஷானன் கழகத்தை விடுத்து, மாநிறத்தவரின் மேப்பிள் கழகத்திற் சேர்ந்தார். அத்தேர்வு தம் அரசியல் வளர்ச்சியைப் பல்லாண்டு பின்னிறுத்தியது என்று அவரே எழுதுகின்றார்.