0.01 என்பது விஷக் கோடு அல்ல

நெல்லில் குலை நோய் வந்தால் அடிக்கிற மருந்து டிரைசைக்ளசோல். 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் இதன் எச்ச வரம்பை கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01-க்குக் குறைத்தது. நம்ம பாஸ்மதி ஏற்றுமதி ஆட்டம் கண்டது. நம்ம அரிசியே விஷம் என்று ஒரு கட்சி, எல்லாம் வர்த்தகச் சதி என்று இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே எண்ணைத் தப்பாகப் படிக்கிறார்கள்.

0.01 என்றால் நூறு டன் அரிசியில் ஒரு கிராம். அங்கே அனுமதி இல்லாத மருந்துக்கு, தனி வரம்பு வைக்கப் போதுமான தரவு இல்லாதபோது தானாக விழும் எண் அது. எங்க தொழிலில் டீஃபால்ட் வேல்யூ என்போம். இதைத் தாண்டினால் ஆபத்து என்று யாரும் கணக்குப் போட்டு வைத்ததல்ல.

கணக்குப் போட்டு வைக்கும் வரம்பு வேறு மாதிரி. லேபிளில் உள்ள அளவில் அடித்து, சொன்ன நாள் காத்திருந்து அறுத்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று வயலில் சோதிப்பார்கள். பிறகு ஜனங்க தினமும் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார்கள். என் சந்தேகம் இந்த இடத்தில்தான். லேபிளை யார் படிக்கிறார்கள்? உத்திரமேரூர் பக்கம் டோஸைச் சொல்வது பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர். எங்கம்மாவுக்கோ மூணு வேளையும் சோறுதான்.

கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பார்ப்பாங்க, எடை போடுவாங்க. மருந்து எச்சம் பார்த்து நான் கண்டதில்லை.